ஐம்பதாவது பார்

வெள்ளிக்கிழமை போட்டு போகாது.
அதனால்தான் வெள்ளி;
பக்தியால் தேர்ந்த நாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
பையன்கள் பாலத்தடியில் குடிக்கிறார்கள்,
யாராவது பொறுப்பெடுங்கள் என்று
பங்குச்சாமியார் பூசையில் கேட்டபோது
நான் உட்கார்ந்திருந்தது முன்வரிசை பெஞ்சு. அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்தில், கோவிலுக்குப் பின்னால்,
சப்பரத்தின் கழற்றிய சக்கரங்கள் கிடக்கும் அறையில்
ஒரு ட்யூப்லைட், நான்கு பையன்கள், நான்.
எனக்கு முப்பத்து மூன்று.
ஆண்டவர் இறந்த வயசு என்று பனிதாஸ் நினைவூட்டினான்,
"நீங்க இன்னும் ஐஸ் கம்பெனியிலயே இருக்கீங்கண்ணே" என்றும்.

அன்று மத்தேயு பதினான்கு.
பேதுரு படகிலிருந்து இறங்கி நடக்கிறார்,
காற்றைப் பார்க்கிறார், பயப்படுகிறார், அமிழ்கிறார்.
விசுவாசம் பற்றி அரைமணி நேரம் பேசினேன்.
நன்றாகவே பேசினேன்.
ஜோவின் கை தூக்கினான். பள்ளியை விட்டு மூன்று வருடமாகியும்
கை தூக்கித்தான் கேட்பான்:
"அவரு மீன்பிடிக்கிறவருதானே.
நீந்தத் தெரிஞ்ச ஆளு எதுக்குக் கத்தினாரு?"

மறைமாவட்டக் குறிப்பேட்டில் இதற்குப் பதில் இல்லை.
கச்சான் காற்று கதவை அறைந்தது.
அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன்.
ரெமிஜியுஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனி, விடியுமுன் மூன்று மணி.
பார்கள் பலகையில் சறுக்கி வண்டியில் விழும் சத்தம்
உறக்கத்திலும் எனக்குக் கேட்கும்.
பில்லில் ஐம்பது.
வண்டியில் நாற்பத்தெட்டு.
முதலாளி இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை;
நானும் ஒருநாளும் கேட்டதில்லை.
இரண்டு பார் கரைந்ததாகக் கணக்கு.
மார்கழிக் குளிரிலும் கரையும்.
அன்று லோடு ரெமிஜியுஸின் அப்பா படகுக்கு.
வண்டிமேல் நின்று அடுக்கியவன் அவன்.
அவன் உதடு அசைந்தது;
செபம் என்று நினைத்துக்கொள்ள விரும்பினேன்.
பில்லை நீட்டினேன், கையெழுத்துப் போட்டான்.
"வரேண்ணே."

அந்த வாரம் செபமாலையில்
பத்து மணி எண்ணும் விரல்
எட்டில் நின்றது.

அடுத்த வெள்ளி
குறிப்பேட்டை நாற்காலிக்கடியில் வைத்தேன்.
பதில் கிடைக்கவில்லை என்றேன்.
பிறகு பார் கணக்கைச் சொன்னேன்.
நான்கு வருடம் என்றேன்.
எந்தெந்தப் படகு என்று சொல்லத் தொடங்கி
பாதியில் குரல் போய்விட்டது.
பனிதாஸ் செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.
டீக்காக மட்டுமே வருகிற கெனிஸ்டன்
டீயைக் குடிக்கவில்லை.

ரெமிஜியுஸ்தான் பேசினான்.
"தெரியும்ணே. போன கொடியேத்தத்திலருந்து எண்ணுறேன்."
அப்புறம் ஏன்டா இங்கே வந்தாய்?
"நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னு பார்க்கத்தான்.
வேற எதுக்கு வாராவாரம் இந்தக் கொசுக்கடி."

யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் சிரித்தோம்.
ஜோவின் கை தூக்கினான்.
"அப்ப அவரு கத்தினது..."
அவன் முடிக்கவில்லை.
முடித்துவைக்க எனக்கும் தெரியவில்லை.
நான் கத்த நான்கு வருடம் ஆனது என்பது மட்டும் தெரிந்தது.

அன்று முடிவுச் செபத்தை அவர்களிடம் விட்டேன்.
கெனிஸ்டன் "ஆண்டவரே, இந்த அண்ணனை" என்று ஆரம்பித்து
அதற்குமேல் வார்த்தை வராமல் நின்றுவிட்டான்.
வினைச்சொல் இல்லாத அந்தச் செபத்துக்கு
நான் ஆமென் சொன்னேன்.

மறுபடி மூன்று மணி.
நாற்பத்தெட்டு, சத்தமாக.
நாற்பத்தொன்பது.
மேலே கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது.
விரல்கள் மரத்திருந்தன.
ஐம்பதாவது பார் பலகையின் பாதிவழியில்
குறுக்கே திரும்பிச் சிக்கிக்கொண்டது.
ரெமிஜியுஸ் வண்டியிலிருந்து குதித்து
அந்தப் பக்கம் பிடித்தான்.
"கொக்கியப் போடுங்கண்ணே," என்றான்,
"நின்னுக்கிட்டே இருந்தா இதுவும் கரைஞ்சிரும்."